எண்பத்தேழாவது நிமிடத்தில் ஒரு திரும்பல்

ஒளியால் ஆன பந்து ஒளியால் ஆன வலைக்குள் போய் விழுந்தபோது, பவளத்துறை மைதானத்தில் கூடியிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் தலையில் கைவைத்தார்கள். புதன்கிழமை மாலை, அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. நிஜ ஆட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. ஆனால் முடிவு இப்போதே தெரிந்துபோயிற்று. அலைவாய்க்கரை இரண்டு, பவளத்துறை ஒன்று.

தோற்பது ஒன்றும் இந்த ஊருக்குப் புதிதில்லை. தோற்ற விதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. எண்பத்தேழாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. அலைவாய்க்கரையின் டென்சிங் வலது பக்கத்திலிருந்து பந்தை அடிக்கக் காலைத் தூக்குகிறான். சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும் பந்து. அந்த நேரம் பார்த்து, நம்ம கோல்கீப்பர் ஜெர்வினின் ஒளியுரு தலையை இடப்பக்கம் திருப்பியது. உள்ளங்கையை லேசாகத் தூக்கியது. பந்து அதன் வலது தோளைத் தாண்டிப் போயிற்று.

"எங்கலே பாத்தான் அவன்?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் யார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்று ராத்திரிக்குள் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டது.

பயிற்சியாளர் பிரகாசி நடுக்கோட்டருகே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். எந்த ஆட்டமானாலும் அவள் நிற்கும் இடம் அதுதான். "ரூபன், திரும்பப் போடு" என்றாள்.

வரப்போகும் ஆட்டத்தை ஒளியில் முன்கூட்டியே காட்டும் முன்காட்டிப் பொறியை இயக்கும் சகாயரூபன் லீக் அலுவலகத்து ஆள். இந்தப் பக்கமும் சேராதவன், அந்தப் பக்கமும் சேராதவன். விசையைத் திருகினான். ஜெர்வின் திரும்பினான், கையைத் தூக்கினான், பந்து உள்ளே போனது. இன்னொரு முறை. இன்னொரு முறை. ஒளியுரு பார்த்த இடத்தில், இடது கம்பத்துக்கு அப்பால், வெறும் மணல்தான் இருந்தது.

முன்காட்டி கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் காட்டும். இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள், நடுவர், பந்து. அவ்வளவே. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மூன்று வருடமாகக் கணுக்காலில் நாடிப்பட்டை கட்டியிருக்கிறார்கள். யார் எப்போது களைப்பான், எந்தப் பந்துக்கு எந்தக் கால் தூக்குவான், கோபம் வந்தால் என்ன செய்வான் எல்லாம் பட்டை வழியே பொறிக்குப் போகும். ஆடப்போகிறவன் முன்னாட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆடுவான் என்பதும் அதற்குத் தெரியும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். இதுவரை அறுபத்து மூன்று ஆட்டம் காட்டியிருக்கிறது, ஒன்றில்கூடப் பிசகவில்லை. பின்னே எதற்கு சனிக்கிழமை மைதானத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டால், இந்தக் கடற்கரையில் ஒரே பதில்தான்: "பொறி ஒருநாள் பொய்யாப் போகாதா?"

அந்த ஒருநாள் இந்த சனிக்கிழமையாக இருக்க வேண்டும் என்று எத்தனை நேர்ச்சை! இது ப்ளே-ஆஃப். ஜெயிப்பவர்கள் மாநில லீக்குக்குப் போவார்கள். தோற்பவர்கள் மறுபடி ஒரு வருடம் மணலில் கிடக்க வேண்டியதுதான். அதுவும் எதிரே அலைவாய்க்கரை. இரண்டு ஊருக்கும் நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைத்த ஒரே ஒரு தூண்டில் வளைவு. அந்தக் கல்லில் யார் வலை காயப்போடுவது என்று தொடங்கிய சண்டை, இப்போது காரணம் மறந்து சண்டை மட்டும் மிச்சமிருக்கிறது. சண்டை ஒரு பக்கம், சம்பந்தம் ஒரு பக்கம். ஜெர்வினின் மனைவி சுபிஜா அலைவாய்க்கரைக்காரி. பந்தை அடித்த டென்சிங் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

போதாதா? இடது கம்பத்துக்கு அப்பால்தான் அலைவாய்க்கரைக்காரர்கள் உட்காரும் இடம்.

"மச்சானுக்கு வழி விட்டுட்டான்" என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் ததேயு. "கையை வேற காட்டுதான் பாத்தியளா? அந்தப் பக்கம் எவனோ சாடை காட்டுதான், இவன் சரிங்கான். நெருப்பில்லாமப் புகையுமா?"

"வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரும் அண்ணாச்சி" என்று பிரகாசி அதட்டினாள். "ஜெர்வினை எனக்குத் தெரியும்."

தெரியும்தான். அவனைக் கோல்கீப்பர் ஆக்கியதே அவள்தானே! காற்றும் கூச்சலும் சேர்ந்து காதைப் பிய்க்கும் இந்த மைதானத்தில் அவள் அவனுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: "தொண்ணூறு நிமிசமும் நீ செவிடன். பெத்த தாய் கூப்பிட்டாலும் திரும்பாத. என் குரலுக்கு மட்டும் திரும்பு." பத்து வருடமாக அவன் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. போன வருடம் எதிரணி ஆதரவாளர்கள் அவன் பின்னால் சரவெடியே கொளுத்தினார்கள். அசையவில்லை.

அப்படிப்பட்டவன் ஏன் திரும்பினான்?

பிரகாசியின் சுபாவம் வேறு ஊரறிந்தது. சொந்தத் தம்பி வள்ளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த மீனானாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவாள். சந்தேகம் வந்துவிட்டால் அடுத்தவர் சொல் ஏறாது, தானே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலை பயிற்சிக்கு வந்தபோது ஜெர்வினைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என்னல அது? எங்க பாத்த?"

"எனக்கே தெரியலக்கா." அவன் முகம் வெளிறிக் கிடந்தது. தூங்கியிருக்க மாட்டான். "நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். நான் எதுக்குத் திரும்பணும்? சத்தியமாச் சொல்லுதேன், ஒண்ணும் புரியல."

"ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனியோ?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மாமாவுக்கு மேலுக்கு முடியல. போனேன். நீங்களும் இதைக் கேக்கியளா?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்குப் பயிற்சியில் அவன் ஒரு பந்தைத் தவறவிட்டான். தினமும்தான் ஒன்றிரண்டு தவறும். ஆனால் அன்று பிரகாசிக்கு அதுவும் வேண்டுமென்றே விட்டது போலத் தோன்றியது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சும்மாவா சொன்னார்கள்!

வெள்ளிக்கிழமை ததேயு வீடு தேடி வந்தார். முன்னாட்டம் காட்டியபிறகு ஆள் மாற்ற லீக் விடாது. காயம்பட்டால் மட்டும்தான் மாற்றலாம். "கால் சுளுக்குன்னு எழுதிக் குடு பிரகாசி. கோல்ல டெல்பினை நிறுத்து."

"டெல்பினா? அவன் நாலு பந்துக்கு மூணு உள்ள விடுவான்."

"அவன் தெரியாம விடுவான். இவன் தெரிஞ்சு விடுவான்."

பிரகாசி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ததேயு போனபிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த லீக்கில் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். எண்பத்தைந்தாவது நிமிடம் ஆனதும் இடது கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வது. எவன் சாடை காட்டுகிறான், இவன் எவனைப் பார்க்கிறான் என்று தன் கண்ணாலேயே பிடிப்பது. அவன் குற்றமில்லாதவனாக இருந்தால் ஊர் முன்னால் நிரூபித்துவிடலாம். இல்லாவிட்டால்... அதற்குமேல் அவள் நினைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பொறி காட்டியபடியே பவளத்துறை இருபதாவது நிமிடத்தில் முதல் கோல் போட்டது. காட்டியபடியே ஐம்பத்தொன்றில் டென்சிங் அதைச் சமன் செய்தான். அதற்குப் பிறகு ஜெர்வின் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடடா! ஆறு பந்து. ஒவ்வொன்றும் உள்ளே போயிருக்க வேண்டியது. ஆறையும் பாய்ந்து பாய்ந்து தள்ளினான். ஊர் கைதட்டவில்லை. எண்பத்தேழு வரட்டும் என்று காத்திருந்தது.

எண்பத்தைந்தில் பிரகாசி நடக்கத் தொடங்கினாள். நடுக்கோட்டை விட்டு அவள் நகர்ந்ததை ஜெர்வின் கவனிக்கவில்லை. அவன் கண் பந்தின்மேல் இருந்தது. இடது கம்பத்துக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றாள். ஒரு கண் அவன்மேல், ஒரு கண் அலைவாய்க்கரைக் கூட்டத்தின்மேல்.

எண்பத்தாறு கழிந்தது. டென்சிங்கின் காலுக்குப் பந்து வந்தது. அப்போது கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு ஆள் எழுந்து சிவப்புத் துண்டை உயர்த்தினான். பிரகாசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இதோ சாடை! கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! துண்டுக்காரனுக்கும் ஜெர்வினுக்கும் நடுவில் பாய்ந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"லேய் ஜெர்வின்!"

அவன் திரும்பினான். அந்தக் கூச்சலிலும் அந்தக் குரல் மட்டும் அவனுக்குக் கேட்டது. முகத்தில் பயமில்லை, களவில்லை. "என்னக்கா?" என்று கேட்பதுபோல உள்ளங்கையை லேசாகத் தூக்கினான்.

பந்து அவனுடைய வலது தோளைத் தாண்டிப் போயிற்று.

புதன்கிழமை பக்கவாட்டில் பார்த்ததை அவள் இப்போது நேருக்கு நேராகப் பார்த்தாள். அதே திரும்பல். அதே கை. அன்று வெறும் மணலாக இருந்த இடத்தில் இன்று அவள் நின்றிருந்தாள். சிவப்புத் துண்டுக்காரன் வியர்வையைத் துடைத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. எவனோ ஜெர்வினின் கையுறையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். "பொறி முன்னாலயே சொல்லிச்சே! நாமதான் கேக்கல!" என்று ததேயு தொண்டை கிழியக் கத்தினார். இனி அவன் பவளத்துறைச் சட்டையைத் தொடக்கூடாது என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லியாயிற்று.

பிரகாசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவே வந்தாள். "நிறுத்துங்க! அவன்மேல தப்பில்ல. நான்தான் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதாலதான் திரும்பினான். தோக்கடிச்சது நான்!"

ததேயு கண்ணைச் சுருக்கினார். "அப்படியா சங்கதி? நேத்தே அவனை மாத்தச் சொன்னேன், நீ மாட்டேன்ன. இன்னைக்குச் சரியா அந்த நேரம் பாத்து அந்த இடத்துக்குப் போயி கூப்பிட்டிருக்க. அப்ப உனக்கும் இதுல பங்குண்டு."

"ரூபன், நீயாவது சொல்லு!" அவள் பொறிக்காரனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சகாயரூபன் தயங்கித் தயங்கிப் பேசினான். "அக்கா சொல்றது சரிதான். அவங்க காலுலயும் பட்டை உண்டு. சந்தேகம் வந்தா நேர்ல போய் நிப்பாங்க, கத்துவாங்கன்னு பொறிக்கு மூணு வருசமாத் தெரியும். அதையும் சேத்துத்தான் கணக்குப் போட்டிருக்கு. கோட்டுக்கு வெளிய நிக்கிற ஆளை அது காட்டாது, அவ்வளவுதான். முன்னாட்டத்தைப் பாக்காம இருந்திருந்தா அக்கா அங்க போயிருக்கவே மாட்டாங்க."

"பாத்தியளா!" என்றார் ததேயு கூட்டத்தைப் பார்த்து. "பொறிக்காரனும் கூட்டு! வேலிக்கு ஓணான் சாட்சியாம்!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் விலகி நடந்தாள்.

ஜெர்வின் தூண்டில் வளைவில், இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். பிரகாசி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்குக்கா அங்க வந்தீங்க?" என்றான் அவன்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உன்னைச் சந்தேகப்பட்டுத்தான்ல மக்கா. என்னை மன்னிச்சிரு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் குனிந்து கணுக்கால் பட்டையைக் கழற்றி, மடித்த சட்டையின்மேல் வைத்து, இரண்டையும் அவள் பக்கமாக நகர்த்தினான்.

"டென்சிங் மச்சான் வந்திருந்தான். மாநில லீக்குக்கு அவங்களுக்கு ஒரு கீப்பர் வேணுமாம். இன்னைக்குப் பிடிச்ச அந்த ஆறு பந்தையும் அங்க எல்லாரும் எண்ணிப் பாத்திருக்காங்க. நம்ம ஊர்ல ஒருத்தரும் எண்ணல."

அவன் அந்தப் பக்கம் போனால் ததேயு நாளை என்ன சொல்வார் என்று பிரகாசிக்கு இப்போதே கேட்டது. நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா என்பார். ஊரும் ஆமாம் என்னும்.

"போகப் போறியா மக்கா?" என்று கேட்டாள்.

ஜெர்வின் எழுந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"வியாழக்கிழமை என்கிட்ட கேட்டீங்க, சொன்னேன். நீங்க நம்பல" என்றான். "இதையும் பொறிகிட்டயே கேட்டுக்கிடுங்க."