சுவரில் இருக்கும் அம்மா

2061 நவம்பர் 9, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தூத்துக்குடியில் தூறல் விட்டபாடில்லை. நகரச் சுகாதார அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், தன் குரலைத் திரும்பப் பெறுவதற்காக ரோஸ்லின் மகளோடு வந்து அமர்ந்திருந்தாள்.

அந்நகரில் காப்புரைப்பான் பொருத்தப்படாத அறைச்சுவர் இல்லை; தெருவில் மட்டும் அது கிடையாது. எரிவாயுக் கசிவையும் மூடாத தொட்டியையும் கொசுப்புழுவையும் மோப்பம் பிடித்து, கேடு நேருமுன் எச்சரிக்கும் கருவி அது. தொடக்கத்தில் செய்தி வாசிப்பவரின் குரலில் பேசியது, ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பிறகு வீட்டுக்கு வீடு தாயின் குரலைப் பதிந்தார்கள்; எந்தக் கட்டடத்திலும் பிள்ளையை அடையாளம் கண்டு அதன் தாயின் குரலிலேயே பேசியது. பிள்ளைகள் தொட்டியில் விழுவது நின்றது. வெந்நீர்ப் புண்ணோடு மருத்துவமனைக்கு வருவோரும் இல்லாமற்போயினர். ரோஸ்லினும் அக்கருவியை மனமார வாழ்த்தியவள்தான், நேற்றுவரை.

நேற்று மின்கம்பி அறுந்து தெருவில் தேங்கிய நீரில் கிடந்தது. மூன்று வயது ஜெசிந்தா அதை நோக்கி நடந்தாள். "போகாதட்டி! செத்துருவ!" என்று ரோஸ்லின் தொண்டை கிழியக் கத்தினாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலும் நடந்தது. எதிரே வந்த மீன்காரி எட்டிப் பிடித்திராவிட்டால் என்ற நினைப்பை ரோஸ்லின் முடிக்கத் துணியவில்லை.

"எம் பேச்ச மட்டும் ஏன் மேடம் கேக்க மாட்டேங்கா?"

மேசைக்கு அப்பாலிருந்த சுகாதார ஆய்வாளர் சங்கரவடிவு நிமிர்ந்தாள். "சோறு ஊட்டும்போது என்ன சொல்லி ஊட்டுவீங்க?"

"ஊரே சொல்லுததுதான். பூச்சாண்டி வாரான், போலீஸ் புடிச்சிட்டுப் போயிரும், சாமி கண்ணக் குத்தும்..."

"குத்திச்சா?"

சங்கரவடிவு சுவரைக் காட்டினாள்.

"செவுத்துல இருக்கது இதுவரைக்கும் பொய்யே சொன்னதில்ல. சுடும்னா சுட்டிருக்கு. நீங்க சொன்னது ஒண்ணுகூட நடக்கல. எந்த அம்மா நெசம்னு பிள்ளை முடிவு பண்ணிட்டு."

"அப்ப என் குரல அதுலருந்து எடுத்துருங்க."

"எடுத்தா பிள்ளை வீட்லயும் யார் பேச்சயும் கேக்காது. ஒண்ணு செய்யலாம். சின்னக் கருவியா பிள்ளை கழுத்துல மாட்டிரலாம், தெருவுக்கும் கூடவே வரும். ஆனா பிள்ளை காதுபட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரெண்டும் ஒரே குரல், நீங்க சும்மா மெரட்ட மெரட்ட, அது சொல்லுக்கும் மதிப்பு போயிரும்."

"தாலாட்டு?"

"அதுவே பாடும்."

"பெத்தவள ஊமையாக்கவா ஆபீசு தொறந்து வச்சிருக்கீங்க?"

சங்கரவடிவின் பார்வை ரோஸ்லினைத் தாண்டிச் சென்று நிலைகுத்தியது. ஜெசிந்தா நாற்காலிமேல் ஏறி, திறந்த சன்னலின் விளிம்பில் ஒரு காலை வைத்திருந்தாள். கீழே ஈரத் தரை மினுங்கியது.

"எறங்குட்டி! விழுந்துருவ!"

"சும்மா சொல்லுத நீ," என்றாள் குழந்தை. "செவுத்தம்மா சொல்லல்ல." அடுத்த காலும் விளிம்பேறியது.

ரோஸ்லின் பாய்ந்து எழுவதற்குள் சுவர் பேசியது. அவளுடைய குரல், அதே கரகரப்பு, பதற்றம் மட்டும் இல்லை.

"ஜெசிந்தா, கீழ எறங்கு."

குழந்தை உடனே இறங்கியது. அள்ள நீண்டிருந்த தாயின் கைகளைக் கடந்து நேரே சுவரிடம் போய்க் கன்னத்தைப் பதித்துக்கொண்டது.

"எறங்கிட்டேம்மா."

ரோஸ்லின் மேசைக்குத் திரும்பி, கழுத்துக் கருவிக்கான ஒப்பந்தத் தாளை இழுத்துக் கையெழுத்திட்டாள்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்றாள் சங்கரவடிவு.

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு தாளை நீட்டினாள்.