உள்ளறையில் கீர்த்திகன்

அரியாலையில் பேருந்தை விட்டு இறங்கியபோது சிவகௌரிக்கு இருந்த கவலை அம்மாவைப் பற்றியதுதான். அவள் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். அப்பா இறந்து, தம்பி கீர்த்திகனும் படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போன பிறகு, அம்மா பராசக்தி அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தாள். ஒழுங்காகச் சமைப்பதில்லை. கடைப் பாணைச் சம்பலோடு கடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

அன்று ஒழுங்கைக்குள் திரும்பும்போதே நண்டுக்கறி மணத்தது.

அம்மா முழுகி, தலை வாரி, நல்ல சேலை உடுத்துக் குசினிக்குள் நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வா பிள்ளை. முகத்தைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."

மேசையில் மூன்று சோற்றுக் கோப்பைகள் வைத்திருந்தாள்.

"ஆரம்மா வருகினம்?"

"மெல்லக் கதை. தம்பி படுத்திருக்கிறான்."

"எந்தத் தம்பி?"

"உனக்கு எத்தினை தம்பி?" என்று சொல்லி அம்மா சிரித்தாள்.

அன்று காலையில்கூடக் கீர்த்திகன் இங்கிலாந்திலிருந்து சிவகௌரிக்குச் செய்தி அனுப்பியிருந்தான். பொறியியலில் முதுகலை முடித்துவிட்டு, படித்த பிள்ளைகளுக்கு வேலை தேடக் கொடுக்கும் விசாவில் அங்கே நிற்கிறான். விசா முடிவதற்குள் ஏதாவது ஒரு நிறுவனம் அவனை நிரந்தரமாக எடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். அம்மாவுக்குத் தனிமையில் மனம் பிசகிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

உள்ளறை கீர்த்திகனின் அறை. கதவு சாத்தியிருந்தது. அதைக் கடக்கும்போது காலில் குளிர் பட்டது. மீன் சந்தையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர். வெளியே முற்றம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கதவின் கீழ் இடுக்கால் குளிரும், நனைந்து காயாத கம்பளித் துணியின் வாடையும் வந்துகொண்டிருந்தன.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கதவைத் தள்ளினாள். ஒருவரும் இல்லை. கட்டிலில் போர்வை விலகிக் கிடந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது. அவள் அந்தக் குழியில் கையை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

கிணற்றடிக்கு ஓடிப்போய்த் தம்பிக்கு அழைப்பு எடுத்தாள். திரையில் அவன் முகம் தெரிந்தது. பின்னால் ஒரு சாம்பல் நிறச் சுவர்.

"சாப்பிட்டியோ?"

"பசிக்கிறேல்லை அக்கா. கன நாளாப் பசிக்கிறேல்லை." குரல் தட்டையாக இருந்தது. "அக்கா, ஒண்டு கேக்கட்டே? எங்கடை கிணறு வீட்டுக்கு முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், ஞாபகம் வருகுதில்லை." "வேலைக்கு எழுதிப் போடுவன். இல்லையெண்டு பதில் வரும். முந்தி ஒவ்வொருக்காலும் அழுவன். இப்ப அழுகையும் வாறேல்லை. ஒவ்வொரு பதில் வரேக்கையும் எனக்குள்ளை இருந்து ஆரோ எழும்பிப் போற மாதிரிக் கிடக்கு."

"எங்கை போறது?"

"தெரியேல்லை. வீட்டுக்குப் போலை கிடக்கு."

அவள் போனை இறக்கியபோது வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் மாமா நின்றார். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்.

"பிள்ளை, தம்பி எப்ப வந்தவன்? நேற்றுப் பின்னேரம் உந்தக் கிணத்துக்கட்டிலை இருந்தவன். கூப்பிட்டனான், திரும்பிப் பாத்துச் சிரிச்சவன். உந்த வெக்கைக்குள்ளை என்னத்துக்கு தடிச்ச குளிர் ஜக்கெற் போட்டிருக்கிறான்?"

அம்மாவுக்கு மனம் பிசகவில்லை.

அம்மாவை விறாந்தையில் இருத்திக் கேட்டாள். பராசக்தி ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஊர்ப் புதினம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"வைகாசியிலை ஒரு பின்னேரம் படலை திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பாத்தா ஆக்கள் இல்லை. முற்றத்திலை ஈரக்கால் அடையாளம் மட்டும். பிறகு ஒரு நாள் கால் ரெண்டும் தெரிஞ்சுது. பிறகு கை. நான் பேசாமல் சோறு வைச்சுக்கொண்டு வந்தன். போன கிழமை முகமும் வந்திட்டுது."

"அம்மா, தம்பி அங்கை இருக்கிறான். இப்பதான் கதைச்சனான்."

"நானும் கதைக்கிறனான்தானே. போனிலை கதைக்கிறது என்ரை பிள்ளை மாதிரி இல்லை." அம்மா அவள் கையைத் தடவினாள். "அவன் அங்கை நிண்டு ஆருக்கு என்ன பிரயோசனம்? வந்த பிள்ளையைப் போ எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

அடுத்த நாள் அம்மா கோவிலுக்குப் போன நேரம், சிவகௌரி உள்ளறைக்குச் சோறு வைக்காமல் விட்டாள். சாப்பாடு கிடைக்காவிட்டால் வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடும் என்று ஒரு எண்ணம். சட்டிகளை மூடிவிட்டு விறாந்தையில் இருந்தாள்.

கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"அக்கா."

அவள் காதைப் பொத்தினாள்.

"அக்கா, பசிக்குது."

பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டுக் குசினி வாசலில் நின்று கேட்கும் அதே குரல். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் எழும்பினாள். தானே சோறு போட்டு, நண்டின் பெரிய காலாகப் பார்த்து எடுத்து வைத்து, கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து அழுதாள்.

பின்னேரம் தம்பிக்கு எடுத்தாள்.

"வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இப்பவே வெளிக்கிட்டு வா."

"நாளைக்கு ஒரு இன்ரர்வியூ இருக்கு அக்கா. பாலங்கள் வடிவமைக்கிற கொம்பனி. இதுதான் கடைசி."

"அது முடிய வா. உன்ரை வீடு இருக்கு."

திரையில் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"வந்தா நான் எங்கை படுக்கிறது? அறையிலை ஆள் இருக்கெல்லே?"

அவள் அவனுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், அவனுடைய நேர்முகத்துக்கு நேரமானபோது, சிவகௌரி சாமிப்படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். போனவையெல்லாம் அவனிடம் திரும்பிப் போய்விடும். அதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

உள்ளறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது.

ஆங்கிலம். தன் பெயரைச் சொன்னான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்றான். கேள்வி கேட்பவர்களுக்கு இடம் விடுவதுபோல நிறுத்தினான், பிறகு தொடர்ந்தான். உப்புத் தண்ணீரில் நிற்கும் பாலத்தின் தூண்களைப் பற்றி, அவை ஏன் வெடிக்கின்றன, எப்படிக் காக்கலாம் என்று தெளிவாக, தடக்காமல் சொன்னான். இடையில் ஒரு சின்னச் சிரிப்பு. மூன்று வருடமாக அவள் கேட்காத குரல் அது. வெளிக்கிட்ட அன்று விமான நிலையத்தில் கேட்ட குரல்.

ஒரு கணம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகுதான் விளங்கியது.

"அங்கை போ!" அவள் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "உதை அங்கை போய்ச் சொல்லு! இஞ்சை ஏன் சொல்லுறாய்? போடா தம்பி, போ!"

குரல் நிற்கவில்லை. அமைதியாக, மரியாதையாக அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா ஓடிவந்து அவளை இழுத்தாள். "பிள்ளை கதைக்கட்டும். விடு."

கடைசியில் உள்ளே நன்றி சொல்வது கேட்டது. சிவகௌரியின் போன் அதிர்ந்தது. தம்பி எழுதியிருந்தான்.

"கேள்வி எல்லாம் விளங்கினது அக்கா. வாயைத் திறந்தனான். குரல் வரேல்லை."

அதன் பிறகு அவன் ஒருநாளும் அழைக்கவில்லை. எழுத மட்டும் செய்தான். அதுவும் ஓம், இல்லை என்று சுருங்கியது. அவனோடு ஒரே வீட்டில் இருந்த பெடியன் பிரவீணனிடம் அவள் கேட்டுப் பார்த்தாள். "வேலைக்குப் போறார், வாறார். கதைக்கிறேல்லை அக்கா. சில நேரம் ஆள் அறையிலை இருக்கிறதே எனக்குத் தெரியிறேல்லை" என்றான். அவள் பாடசாலைக்குத் திரும்பிப் போனாள். அம்மா தொலைபேசியில் பேசும்போது பின்னால் சோற்றுக் கோப்பையில் கை அளையும் சத்தம் கேட்கும். அவள் கேட்காதது மாதிரி இருந்துவிடுவாள்.

மார்கழியில் விசா முடிந்து கீர்த்திகன் வந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவனை எதிர்கொள்ளப் போன சிவகௌரி அவனைத் தாண்டி நடந்துவிட்டாள். அவன் கையைப் பிடித்த பிறகுதான் நின்றாள். அவன் மெலிந்திருக்கவில்லை. கண், மூக்கு எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் பார்வையை எடுத்தவுடன் அந்த முகம் மனதை விட்டுப் போனது. வழி முழுக்க அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர்கள் வந்த வான் வீட்டுப் படலையடியில் நின்றது. மழை விட்டிருந்தது. பராசக்தி வெளியே வந்தாள்.

"வா பிள்ளை" என்று மகளைக் கூப்பிட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அந்நியரிடம் காட்டும் பதமான மரியாதையோடு கேட்டாள்.

"ஆர் தம்பி நீர்? ஆரிட்டை வந்தனீர்?"

கீர்த்திகன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சிவகௌரி அவனுடைய கையை எட்டிப் பிடித்தாள். அந்தக் கை, அவளுடைய கைக்குள்ளேயே இலேசாகிக்கொண்டு போனது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவான, பசியாறிய குரல்.

"ஆரம்மா அது?"

பராசக்தி உள்ளே திரும்பினாள்.

"ஆரோ வீடு மாறி வந்திட்டினம் தம்பி. நீ இருந்து சாப்பிடு."