கிருசாந்தன் வைக்காத குழை

கிரவல் ரோட்டின் அந்தப் பெரிய குழிக்குள் மோட்டார் சைக்கிள் விழுந்து எழும்பியபோது சுதாஜினி அவனை நுள்ளவில்லை.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஞாயிறு வந்தால் இருவரும் ஊர் சுற்றத்தான் போவார்கள். சின்னப் பள்ளத்துக்கே "ஐயோ, மெல்லப் போங்கோவன்" என்று இடுப்பில் நுள்ளுகிறவள் அவள். போகும்போது இதே குழிக்கு நுள்ளிய இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரும்பும்போது மட்டும் வாய் திறக்கவில்லை.

கோபமாக்கும் என்று நினைத்தான் கிருசாந்தன். கோபப்பட நியாயமும் இருந்தது. காட்டு வாசலில் பாலைமரத்தடியில் ஒரு கல்லு இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் காவல் கேட்டு ஆளுக்கொரு குழை, இலையோடு ஒரு சின்னக் கொப்பு, முறித்து அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஸ்கந்தபுரத்தில் பிறந்த சுதாஜினி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தன்னுடைய குழையை வைத்தாள். கொழும்பில் வளர்ந்த இந்தத் துரை இறங்கவேயில்லை.

"வரேக்க வைக்கிறன். கல்லு எங்கயும் ஓடாது."

"பகிடி விடாதேங்கோ. உள்ளுக்க போய் என்ர பேரைச் சொல்லியும் கூப்பிடாதேங்கோ. கூ எண்டு குரல் குடுங்கோ, நானும் கூ எண்டுவன்."

அதையும் அவன் கேட்கவில்லை. வன்னியர் கோட்டை என்று ஊரார் சொல்லும் அந்த இடிந்த மதிலுக்குப் பின்னால் படம் எடுக்கப் போனவள் வெயில் சாய்ந்தும் வரவில்லை. யானை இறங்கும் நேரம். பயத்தில் தொண்டை கிழியக் கத்தினான்: "சுதாஜினி!" மதிலில் பட்டு அந்தப் பேர் அவனிடமே திரும்பி வந்தது. தேடிப் போகவென்று அவன் ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஏறி இருந்தாள். திரும்பிப் பார்க்காமலே அவன் வண்டியை எடுத்துவிட்டான்.

ஒரு வளைவு, இன்னொரு வளைவு. வீரைமர நிழல்கள் ரோட்டில் நீண்டு கிடந்தன. கோட்டைச் சுவரில் அடித்த நனைந்த சுண்ணாம்பு மணமும் வௌவால் எச்சத்தின் நாற்றமும் எப்போதோ பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை, கூடவே வந்துகொண்டிருந்தன. அவனுடைய வயிற்றைச் சுற்றி இரண்டு கைகள் கோத்திருந்தன. சுதாஜினி எப்போதும் ஒரு கையால்தான் பிடிப்பாள், மற்றக் கையில் ஃபோன் இருக்கும்.

"கோபமே?"

வயிற்றில் கோத்திருந்த கைகள் இன்னும் இறுகின.

"வட்டக்கச்சியில தயிர் வாங்கிக்கொண்டு போவமே?"

பக்கக் கண்ணாடியைத் திருப்பினான். பின்னால் எழும்பும் செம்புழுதி தெரிந்தது. அவளுடைய தலை மறைக்க வேண்டிய இடத்திலும் புழுதிதான் தெரிந்தது.

"சுதா?"

"சுதாஜினி!" என்றது காதடியில் ஒரு குரல்.

அவனுடைய குரல். மதிலடியில் அவன் கத்திய அதே கத்தல். தொண்டை கிழிந்த இடத்தில் அதுவும் கிழிந்தது.

பாலைமரம் வந்ததும் நிறுத்தினான். எஞ்சின் அணைந்தது. கல்லின் முன் அவள் வைத்த குழை மட்டும் வாடிக் கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இருந்தபடியே கொப்பொன்றை எட்டிப் பிடித்தான். இப்போதாவது வைத்துவிட வேண்டும்.

"கூ..."

காட்டுக்குள்ளிருந்து வந்தது. தூரத்தில். அழுகையோடு.

சுதாஜினி. அவள் இன்னும் உள்ளேதான் நிற்கிறாள். தனிய. அவளை விட்டுவிட்டு வந்துவிட்டான். ஐயோ, கடவுளே.

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். குளிர்ந்த உள்ளங்கை ஒன்று வாயைப் பொத்தியது. பல்லில் சுண்ணாம்பு நறநறத்தது. கொப்பு கையை விட்டுப் போனது.

காதடியில் அவனுடைய குரல், ஆறுதலாக, அன்பாக, அவனே ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டிராத மாதிரி: "கூ..."

பிறகு அவளுடைய "கூ" கேட்டது. அதில் அழுகை இல்லை. சருகுகளை மிதித்துக்கொண்டு அவள் இந்தப் பக்கம் ஓடி வருவதும் கேட்டது.