அறையில் இருவர் மட்டும்

அப்பா பதினைந்து சொற்களையும் சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவர் கண்கள் அவளுடைய தோளுக்கு மேலே ஒருமுறை போய், எதையோ கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பின.

அவள் மனநல மருத்துவமனையில் உளவியல் பயிற்சி மாணவி. இந்த மாதம் நினைவாற்றல் சோதனை கற்றுக்கொள்கிறாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பதினைந்து சொற்களை விநாடிக்கு ஒன்றாகப் படிக்க வேண்டும். எதிரே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி, தப்பு என்று சொல்லக் கூடாது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது. மூன்றாவது ஆள் அறையில் இருக்கவே கூடாது. வீட்டில் யாரையாவது வைத்துப் பழகி, குரலைப் பதிவு செய்து கொண்டுவரும்படி பயிற்சி மேடம் சொல்லியிருந்தார். அவளுக்கு வீட்டில் அப்பா மட்டும்தான். அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

உண்மையில் பழகுவது ஒரு சாக்கு. நாற்பது தெருக்களின் கதவு எண்களைத் தலைக்குள் வைத்திருந்த தபால்காரரான அப்பா, போன மாதம் பக்கத்து வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். அண்ணன் முதியோர் இல்லத்தில் இடம் பேசி வைத்துவிட்டான். "டெஸ்ட்ல கொறஞ்சா கொண்டுபோய் விட்டுடலாம். நீ வேலைக்குப் போனப்புறம் யாரு பாக்குறது?" என்று போனில் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். பதினைந்துக்குப் பதினைந்து என்று அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மேடம் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டவர், பாதியில் நிறுத்தினார்.

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே மேடம்."

"காதுல பூ சுத்தாதீங்க. ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு அம்மா முன்னாடியே எடுத்துக் குடுக்குறாங்க. உங்கம்மாதானே? அவங்க பாசம் புரியுது. ஆனா இந்த மார்க் குப்பைக்குத்தான் போகணும். அவங்கள வெளிய உக்கார வெச்சிட்டு மறுபடி எடுத்துட்டு வாங்க."

அவள் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். மின்விசிறியின் கிறீச்சுக்கு அடியில் மெல்லிய இளைப்போடு அம்மாவின் குரல். 'மணி... தோட்டம்... சங்கிலி...' பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அழுகை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அதே மேசை, புதிய சொற்பட்டியல். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் தகரத்தில் அது விழும் சத்தமும், சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும், அப்பாவின் விரல்கள் மேசையைத் தடவும் சத்தமும் சேர்ந்து ஒலிக்க, அவற்றின் நடுவே அம்மா தன் இடது முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை மெல்ல எழுந்து, அவள் கழுத்துக்குப் பின்னால் ஆள் நிற்கும் வெதுவெதுப்போடு வந்து தங்கியது. அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தாள். அப்பா வீட்டிலேயே இருப்பார். ஆனால் என்றைக்காவது அவர் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோனால்? உண்மை தெரிந்தே ஆக வேண்டும்.

திரும்பாமலே சொன்னாள். "அம்மா, கொஞ்சம் வெளிய இரும்மா. அஞ்சே நிமிஷம்."

"அவளை ஏம்மா வெரட்டுற?" என்றார் அப்பா.

இடது காலை இழுத்து நடக்கும் சத்தம் மெதுவாகக் கதவு வரை போனது. அவள் எழுந்து தாழ் போட்டாள். வந்து உட்கார்ந்து பட்டியலைப் படித்தாள்.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார்.

"ஒண்ணும் வரலையே." பிறகு, மரியாதையாக, தயங்கித் தயங்கி: "நீங்க... ஆஸ்பத்திரில இருந்து வர்றீங்களா?"

நீங்க. அந்த ஒரு சொல்லில் அவள் உடைந்துபோனாள். அப்பா எப்போதோ போய்விட்டிருக்கிறார். இத்தனை நாளும் அவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது அம்மாதான்.

சோதனை விதியாவது மண்ணாவது. ஓடிப்போய்த் தாழைத் திறந்தாள்.

"அம்மா! உள்ள வாம்மா. நான் தெரியாம சொல்லிட்டேன்."

நடைவழியில் யாரும் இல்லை. தைல வாசனையும் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"யாராவது வந்து அவருக்குச் சொல்லிக் குடுங்களேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யாராவது!"

குழாய் சொட்டுவது நின்றது.

அவளை உரசிக்கொண்டு ஏதோ உள்ளே போனது. குளிர்ச்சி. நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியின் நாற்றம். இழுக்காத கால்கள். சீரான நடை.

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். அப்பாவை அப்படியே விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா குள்ளம். அவர் பார்வை இன்னும் மேலே போனது. இன்னும் மேலே. மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றது.

"பாப்பா," என்றார் அப்பா. அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. "இது உங்கம்மா இல்லடி."

அதற்குப் பிறகு அவர் வாய் தானாக அசையத் தொடங்கியது. பதினைந்து சொற்கள். வரிசை மாறாமல். மூச்சு விடாமல். முடிந்ததும் நிற்கவில்லை. அடுத்த பட்டியல். அவள் படிக்கவே இல்லாதது. பக்கத்தைப் புரட்டினாள். எல்லாமே சரியாக இருந்தது.

"போதும்பா. நிறுத்துங்கப்பா."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நிறுத்த முடியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணீர் வழிந்து, அசைந்துகொண்டே இருந்த அந்த வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.