இல்லாத பெயரின் முகவரி

இல்லாத பெயருக்கு முகவரி வந்திருந்தது.

தர்யோனோ கண்ணைக் கசக்கிக்கொண்டு மடிக்கணினியை மறுபடி பார்த்தான். கெபுமென் ஊரின் மழை தகரத்தில் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு முடிந்தும் மசூதி ஒலிபெருக்கி வெறுமனே இரைந்தது. அடுப்படியிலிருந்து தெம்பே என்னும் சோயாக் கட்டி பொரியும் வாசம் வந்தது. பகலெல்லாம் சந்து வீடுகளின் ரவுட்டர்களோடு மல்லுக்கட்டியதில் முதுகு விட்டுப்போயிருந்தது. 'வாடிக்கையாளரே எங்கள் மன்னர்' என்று பலகை மாட்டிய இணைய நிறுவனம், மன்னர்கள் எந்தத் தளத்தின் பெயரை விசாரித்தாலும் அந்த விசாரணைகள் வழக்கமாகப் போகும் 53ஆம் போர்ட்டிலேயே மறித்துத் தானே பதில் சொல்லும். இல்லாத பெயரைக் கேட்டால் தன் விளம்பரப் பக்கத்தின் முகவரியை நீட்டும். அதனால்தான் விசாரணைகளை 5353ஆம் போர்ட் வழியாக, பெயருக்கு முகவரி சொல்லும் வெளியூர் சர்வர் ஒன்றுக்குத் திருப்பியிருந்தான். சரியாகப் போகிறதா என்று பார்க்க, உலகத்தில் இல்லாத ஒரு பெயரைக் கேட்க வேண்டும். 'அப்படி ஒன்று இல்லை' என்று வந்தால் வேலை முடிந்தது.

களைப்பில் விரல்கள் தாமாக அடித்த பெயர், ரத்னானிங்ராட்.

மகளுக்கு அவன் வைத்தது. அரண்மனையில்கூட யாருக்கும் இருக்கக் கூடாது என்று, ஒழுகும் வாடகை வீட்டில் உட்கார்ந்து யோசித்த பெயர். குழந்தைக்கு ஓயாத காய்ச்சல். பெயரின் கனத்தைப் பிள்ளை தாங்கவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். பிழைக்காது என்றே நினைத்திருந்தான். பெயர் மாற்றும் சடங்குக்காகச் சிவப்பு வெள்ளைக் கஞ்சி காய்ச்சிச் சந்துக்கெல்லாம் கொடுத்து, 'துமி' என்று மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. பழைய பெயரை அதன்பின் அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

வந்திருந்தது விளம்பரப் பக்கத்தின் முகவரி அல்ல. தன் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு அவன் கொடுக்கும் வகை. வெளியூர் சர்வருக்கு அது தெரிய வழியே இல்லை.

"வெனிங், புதுசா எதையாவது வைஃபைல சேத்தியா?"

"இருக்கிற ஒரே போனு உங்க சட்டைப் பையில இருக்கு," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "இன்ஜினியருக்கு அதுகூட மறந்துபோச்சா? ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் படுங்க."

"துமி எங்க?"

"தூங்குறா. மக்ரிப் நேரத்துல படுக்காதடின்னா கேட்டாத்தான."

அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் வந்தது. நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி விட்டான். பதில். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சீக்கிரமாக.

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். அதன் விளக்குகள் அணைந்தன.

திரையில் பதில்கள் நிற்கவில்லை.

எழுந்து போய் மகளின் அறைத் திரைச்சீலையை விலக்கினான். இருட்டு. சின்ன வெங்காயமும் எண்ணெயும் கலந்த வாடை. காய்ச்சல் நாட்களில் தேய்த்தது. இப்போது யாரும் தேய்ப்பதில்லை.

துமியின் நெற்றியைத் தொட்டான். குளிர்ச்சி. மூச்சு சீராக இருந்தது. அப்பாடா.

அவளுக்குப் பக்கத்தில், இலவம்பஞ்சு மெத்தை ஒரு குழந்தையின் அளவுக்கு அழுந்தியிருந்தது.

கை வைத்தான்.

கொதித்தது.

துமி தூக்கத்திலேயே சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள். பள்ளமும் அவளை ஒட்டி நகர்ந்தது.