சினை பிடிக்காத மாடு

இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் சீம்பால் வாடை அடித்தது.

அது எண்பத்து நான்காம் ஆண்டு, மழைக்காலம். கந்தப்பளைக் கால்நடை ஆய்வுக்கூடத்தின் அந்தப் பெட்டிக்குள் ஒருநாளும் பால் போனதில்லை. அறுத்த மாடுகளின் சூலகத்திலிருந்து உறிஞ்சி எடுத்த கருமுட்டைகள் மட்டுமே, கண்ணாடித் தட்டுகளில், பசுவின் உடற்சூட்டில், ஓசையில்லாமல் முதிர்ந்துகொண்டிருந்தன. முதிரும்போது முட்டை புதிதாக என்னென்ன புரதங்களை உண்டாக்குகிறது என்பதுதான் டாக்டர் ஜோசப்பினின் ஆராய்ச்சி. கிழட்டு மாடுகளின் முட்டைகள் அதற்குச் சரிப்படவில்லை.

அதனால்தான் போன வாரம், தேயிலைக் கொழுந்தெடுக்கும் அழகம்மாவின் இளம் பசுவை அவள் கை விட்டுச் சோதித்தபோது, சினை தட்டுப்பட்டும், "இது இனிச் சினை பிடிக்காது, வித்துருங்க" என்று சொல்லியிருந்தாள். அழகம்மா அழுதுகொண்டே கும்பிட்டதை நினைக்கும்போதெல்லாம் ஜோசப்பினுக்கு உடம்பே கூசியது. பசுவை முந்தாநாள் மடுவத்தில் அறுத்தார்கள். சூலகங்களைத் தன் கையாலேயே எடுத்து வந்தாள்.

அவற்றிலிருந்து எடுத்த முட்டைகளில் சிலவற்றை நசுக்கி, புரதங்களைப் பிரித்து, நீலச் சாயம் ஏற்றிய தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய கோடுகளுக்கு நடுவே தடித்த ஒரு கோடு. சீம்பாலின் புரதம். ஈன்ற பசுவின் மடியில் சுரப்பது. முட்டையில் அது இருக்க முடியாது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

அழகம்மா. தலையில் கம்பளி, முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டரம்மா, மாடு திரும்பி வந்துருச்சுங்க. கன்னு போடப் போகுது."

ஜோசப்பின் தகட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"தப்பாப் பாத்துட்டோமேன்னு வருத்தப்படாதீங்க. மனுசங்கதானே. வந்து ஒருதரம் பாருங்க."

மடுவத்தில் அதன் கழுத்து தொங்கியதைப் பார்த்தவள் ஜோசப்பின். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். தலையைக் குனிந்துகொண்டு, பனிமூட்டத்துக்குள், தொழிலாளர் லயத்து மாட்டுப்பட்டிவரை அழகம்மாவின் பின்னால் நடந்தாள்.

உள்ளே இருட்டு. ஈரச் சாணி நாற்றம். அழகம்மாவின் மூச்சு குளிரில் வெள்ளையாகப் புகைந்தது. ஜோசப்பினின் மூச்சும். மாட்டின் மூக்கில் ஆவியே இல்லை.

"கை விட்டுப் பாருங்க, டாக்டரம்மா."

மறுக்க அவளுக்கு என்ன முகம் இருக்கிறது? விட்டாள். உள்ளே ஓடைத் தண்ணீர்போலச் சில்லிட்டது. கன்றின் குளம்பைத் தேடினாள். இல்லை. இன்னும் உள்ளே.

சின்ன விரல்கள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றின. இறுகின.

"என்னங்க தட்டுப்படுது?" மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள் அழகம்மா.

முழங்கையும் உள்ளே போனது. ஜோசப்பின் தள்ளவில்லை.