பண்புமானி

நிலவுக் குடியிருப்புக்குப் போக ஆசைப்பட்டவர்கள் அந்த வருடம் ஓடிக் காட்டவில்லை, மூச்சுப் பிடித்தும் காட்டவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாட்டம் ஆடினார்கள். மூடிய கூண்டுக்குள் இரண்டு வருடம் சேர்ந்து வாழத் தெரிந்தவர் யார் என்பதை மணிக்கட்டில் கட்டிய பண்புமானி சொல்லிவிடும். அடுத்தவர் பேச்சைக் கேட்டால் ஒரு புள்ளி. தன் முறையை விட்டுக்கொடுத்தால் இரண்டு. குறுக்கே பேசினால் போச்சு. தொண்ணூறு எடுத்தவர்களுக்கு நிலவு.

பரஞ்சோதிக்குச் சூட்சுமம் ஒரே வாரத்தில் பிடிபட்டது. பாலம் எரிந்தாலும் பூதம் வந்தாலும் முகத்தில் கனிவை ஏற்றிக்கொண்டு, "நீங்க சொல்லுங்களேன்" என்பான். அவன் வேடமேற்ற படைத்தளபதி மூன்று மாதமாக வாளைத் தொடவே இல்லை. மதிப்பெண் தொண்ணூற்றெட்டு! ஜெபராணியும் நசீரும் அவனைப் பார்த்து அதே கனிவைப் பழகிக்கொண்டார்கள்.

நான்காவதாக ஆடிய திலகவதிக்கு நாற்பத்தொன்று. அவள் கத்தினாள், சிரித்தாள். ஆட்டத்தில் நசீர் வேடமேற்ற வைத்தியன் வெள்ளத்தில் விழுந்தபோது யாரையும் கேட்காமல் பின்னாலேயே குதித்தாள்.

"மத்தவங்களுக்கும் கொஞ்சம் இடம் விடணும் திலகா," என்றான் பரஞ்சோதி. அவன் மானி பச்சையாக மின்னியது.

"இடம் விடுறதுக்கும் கைகட்டி நிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

அவளுக்கு இன்னும் மூன்று புள்ளி போனது.

மற்ற மூவரும் நிலவுக்குப் போனார்கள். அவர்களைப் பூமியிலிருந்து கண்காணிக்கும் அறையில் திலகவதிக்கு வேலை கிடைத்தது.

ஆறாம் நாள் பயிர்க்கூடத்தை ஒட்டிய நடைவழியில் காற்று கசிந்தது. இடைக்கதவை மூட வேண்டும். பத்து வினாடி வேலை.

"நசீர், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றான் பரஞ்சோதி.

"ஜெபராணி முதல்ல சொல்லட்டுமே."

"ஐயோ, நான் எதுக்கு? பரஞ்சோதியே முடிவெடுக்கட்டும்," என்றாள் ஜெபராணி.

நான்கு நிமிடம் இப்படியே போனது. ஒலிபெருக்கியில் திலகவதி அலறினாள்: "கதவை மூடுடா எருமை!"

நெம்புகோலில் கை வைத்த பரஞ்சோதி, "மூடட்டுமா? எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் இழுத்தான். உயிர் மிஞ்சியது. பயிர் மொத்தமும் உறைந்து கருகியது. இரண்டு வருடப் பயணம் பத்தாம் நாளில் முடிந்தது.

விசாரணைக் குழு மானிப் பதிவுகளை வரி வரியாக ஆராய்ந்தது. அந்த நான்கு நிமிடத்திலும் மூவரும் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தார்கள். குறுக்கிட்டு ஏசியதற்காகத் திலகவதியை வேலையிலிருந்து நீக்கினார்கள். பரஞ்சோதி அதற்குச் சாட்சி சொன்னான், மிகுந்த வருத்தத்தோடு.

அடுத்த பயணத்துக்கான தேர்வு விதியையும் குழு திருத்தியது. தொண்ணூறு போதாதாம். இனி நூறு எடுத்தவர்கள் மட்டும்தான் போகலாம்.